மூடப்போகும் அனல்மின் நிலையத்தில் பெரிய பேட்டரி: நான் ஆதரிக்கிறேன், மறுப்பவர்கள் வாருங்கள் (இணைய மன்றத் திரி; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

மின்கம்பி

அனல்மின் நிலையத்தை மூடுகிறார்கள் என்றால் எல்லோருடைய கண்ணும் புகைபோக்கி மீதும் பாய்லர் மீதும்தான் போகிறது. அந்த வளாகத்தின் உண்மையான சொத்து ஓரத்தில் இருக்கும் சுவிட்ச்யார்டும் (நிலையத்தை மின்கட்டமைப்போடு இணைக்கும் திடல்), அங்கிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகளும்தான். அப்படி ஒரு பாதையைப் புதிதாகப் போட நிலம் எடுக்க வேண்டும், வழியில் உள்ள ஒவ்வொரு ஊரோடும் பேச வேண்டும், வழக்குகளைச் சந்திக்க வேண்டும். பத்து ஆண்டு சுலபமாக ஓடிவிடும். பேட்டரியைக் கட்ட ஓரிரு ஆண்டு போதும்.

ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட்டைப் பாருங்கள். 1600 மெகாவாட் நிலையம். 2016 நவம்பரில் அறிவித்து 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அதே இடத்தில் 150 மெகாவாட், 150 மெகாவாட் மணி பேட்டரி 2023இல்தான் வந்தது. (மெகாவாட் என்பது ஒரு நேரத்தில் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது, மெகாவாட் மணி என்பது மொத்தம் எவ்வளவு சேமிக்கலாம் என்பது.) அந்த ஆறு ஆண்டுகளில் அங்கிருந்த இணைப்பு எவ்வளவு உதவியிருக்கும்! மூடுவதற்கு முன்பே பேட்டரியைக் கட்டத் தொடங்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கொதிகலன்

அனல்மின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன் நான். நீங்கள் சொன்ன எண்களையே எடுத்துக்கொள்கிறேன். 1600 மெகாவாட் போன இடத்தில் 150 வந்திருக்கிறது, அதுவும் ஒரே ஒரு மணி நேரத்துக்கு. இதை மாற்று என்று சொல்வது மக்களை ஏமாற்றுவது.

அதே ஆஸ்திரேலியாவில் லிடெல் நிலக்கரி நிலையம் 2000 மெகாவாட்டாகக் கட்டப்பட்டது; 2023 ஏப்ரலில் மூடினார்கள். அங்கே வைக்கும் பேட்டரி 500 மெகாவாட், 1000 மெகாவாட் மணி. பழைய நிலையம் முழு வேகத்தில் அரை மணி நேரத்தில் கொடுத்த மின்சாரம் அவ்வளவுதான். பேட்டரி மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை, சேமித்துத் திருப்பிக் கொடுக்கிறது. கொடுக்கும்போது நூற்றுக்குப் பதினைந்து பங்கு வழியிலேயே போய்விடுகிறது. மூன்று நாள் மேகமூட்டமும் காற்றில்லாத இரவும் சேர்ந்து வந்தால் இரண்டு மணி நேரப் பேட்டரியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? செய்தித்தாள்களும் மெகாவாட்டை மட்டும் தலைப்பில் போடுகின்றன. எத்தனை மணி நேரம் என்பது எட்டாவது பத்தியில் இருந்தால் உண்டு.

மின்கம்பி

மூன்று நாள் பஞ்சத்துக்குப் பேட்டரி மருந்தல்ல. அதற்கு நீர்மின்சாரம், பிற பகுதிகளிலிருந்து கம்பி, தேவைப்பட்டால் எரிவாயு எல்லாம் வேண்டும். ஆனால் மின்கட்டமைப்பை அன்றாடம் திணறடிப்பது மாலை நேரம். சூரிய மின்சாரம் இறங்கும், விளக்கும் ஏசியும் ஏறும். அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்காகத்தான் பல நிலக்கரி யூனிட்டுகளை (பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த தொகுதிகளை) நாள் முழுவதும் பாதிச் சுமையில் எரிய விடுகிறோம். பாய்லரை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கொதிகலன்

தெரியும். குளிர்ந்து கிடக்கும் யூனிட்டை மறுபடி கம்பியில் சேர்க்கப் பல மணி நேரமாகும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் நீராவி டிரம் என்ற பெரிய உருளையின் தடித்த சுவரில் உள்பக்கம் ஒரு வெப்பநிலை, வெளிப்பக்கம் ஒரு வெப்பநிலை என்று இழுபறி ஏற்பட்டு விரிசல் விடும். சூரிய மின்சாரம் வந்த பிறகு தினமும் சுமையை ஏற்றி இறக்கச் சொல்லி, நாற்பது ஆண்டு வாழ வேண்டிய குழாய்களைச் சீக்கிரமே கிழித்துவிட்டார்கள். அதனால் ஒன்றை மட்டும் ஏற்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தின் பக்கத்தில் பேட்டரி வைத்தால் அந்த ஏற்ற இறக்கத்தை அது வாங்கிக்கொள்ளும், பாய்லர் நிம்மதியாக ஒரே சுமையில் ஓடும். துணைக்கு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் காட்டி மூடாதீர்கள்.

சாம்பல்மேடு

இந்த "துணைக்கு" என்ற யோசனைதான் எனக்குக் கவலை தருகிறது. நான் நிலக்கரிக்கும் எதிர்ப்பு, இந்தத் திட்டத்தை இப்போது செய்யும் முறைக்கும் எதிர்ப்பு.

நள்ளிரவில் நிலக்கரி மின்சாரத்தால் நிரப்பி மாலையில் விற்றால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள். ஒரு மெகாவாட் மணி நிலக்கரி மின்சாரத்துக்குச் சுமார் ஒரு டன் கரியமில வாயு வெளியேறும். பேட்டரியின் இழப்பைச் சேர்த்தால், திரும்பக் கிடைக்கும் ஒரு மெகாவாட் மணிக்கு 1.18 மெகாவாட் மணி உள்ளே போயிருக்க வேண்டும். அதாவது நேராக எரிப்பதைவிட அதிக புகை. பச்சை வண்ணப் பலகை மாட்டிய நிலக்கரி மின்சாரம் அது. கொதிகலன் விரும்பும் நிம்மதியான பாய்லர் இன்னும் பத்து ஆண்டு கூடுதலாக எரியும்.

அடுத்தது சாம்பல். அதை இந்தத் திரியில் இதுவரை யாரும் தொடவில்லை. நாற்பது ஐம்பது ஆண்டு எரித்த நிலையத்தின் பக்கத்தில் மலையளவு சாம்பல் ஈரமாகத் தேங்கிக் கிடக்கும். ஆர்சனிக், செலினியம், பாதரசம் எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டன் நிலையத்தில் 2008 டிசம்பர் 22 அன்று கரை உடைந்தபோது 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் சாம்பல் சேறு ஆற்றிலும் வீடுகள் மீதும் பாய்ந்தது. நிலையத்தை மூடினால் இந்தக் குளங்களையும் மூடி, நிலத்தடி நீரைச் சோதித்து, நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வளாகத்தின் ஒரு மூலையில் பேட்டரிப் பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டால், "இது இன்னும் இயங்கும் மின் வளாகம்தான்" என்று சொல்லி அந்தக் கடமையைத் தள்ளிப்போட வழி கிடைத்துவிடுகிறது.

மின்கம்பி

சாம்பல்மேடு, நிரப்புவது பற்றிய கணக்கு சரிதான். ஆனால் பேட்டரி நள்ளிரவில்தான் நிரம்பும் என்பது பழைய நிலவரம். சூரிய மின்சாரம் பெருகிய இடங்களில் நண்பகலில்தான் விலை தரைமட்டத்துக்கு வருகிறது. சில நேரம் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகிறது. அந்த நேரத்தில் சூரியப் பண்ணைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். வீணாகும் அந்த மின்சாரத்தைத்தான் பேட்டரி குடிக்கும். எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துப் பேட்டரி நிரம்புவதில்லை. பழைய நிலக்கரி வளாகத்தில் இருப்பதால் அது நிலக்கரி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் என்று பொருளில்லை; கம்பியில் அந்த நேரம் என்ன ஓடுகிறதோ அதுதான்.

சாம்பல்மேடு

சூரிய மின்சாரம் பெருகிய இடங்களில் என்று நீங்களே நிபந்தனை போட்டுவிட்டீர்கள். பெருகாத இடங்களில்? அங்கேயும் இதே திட்டத்தை இதே வார்த்தைகளில்தான் விற்கிறார்கள். சாம்பலுக்குப் பதில் வரவில்லை.

ரிலே

மின்பாதுகாப்பு அமைப்புகளில் வேலை செய்கிறேன். இரு தரப்பும் மெகாவாட் மணியையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வளாகங்களில் பேட்டரி செய்யும் மிகப் பெரிய வேலை சில நேரம் மின்சாரத்தைக் கொடுக்காமல் காத்திருப்பது.

சிட்னிக்கு வடக்கே மன்மோரா என்ற நிலக்கரி நிலையம் 2012இல் மூடப்பட்டது. அதன் இடத்தில் கட்டிய வாரட்டா பேட்டரி 850 மெகாவாட், 1680 மெகாவாட் மணி. அதில் 700 மெகாவாட்டை அவசரத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். காரணம் இது. ஒரு நகரத்துக்கு நான்கு கம்பிகள் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் முழுச் சுமையில் ஓட்ட முடியாது. மின்னலில் ஒன்று அறுந்தால் அதன் சுமை மற்ற மூன்றின் மீது விழும், அவை சூடாகித் தொய்ந்து மரத்தைத் தொடும். அதனால் எப்போதும் குறைத்தே ஓட்டுகிறோம். நகரத்தின் பக்கம் ஒரு பேட்டரி தயாராக நின்றால், கம்பி அறுந்த ஒரு நொடிக்குள் அது பாய்ந்து நகரத்துக்கு வேண்டியதைக் கொடுக்கும். மறுபக்கம் சில மின் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்கும். ஆபரேட்டர்களுக்கு நிதானமாகச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். அந்த நம்பிக்கையில் நான்கு கம்பிகளையும் இன்னும் இறுக்கி ஓட்டலாம். புதுக் கம்பி போடாமலேயே கம்பியின் கொள்ளளவு கூடுகிறது. இந்த வேலைக்கு மூன்று நாள் சேமிப்பு எதற்கு?

கொதிகலன்

அதே வாரட்டாவில் 2025 அக்டோபரில் மூன்று பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களில் ஒன்று பழுதாகிவிட்டது, அதையும் சொல்லுங்கள். அந்த அளவு டிரான்ஸ்ஃபார்மர் கடையில் கிடைப்பதில்லை. செய்து வர மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

உங்களுக்கு என் பக்கத்திலிருந்து ஒரு காட்சி. எங்கோ தூரத்தில் பெரிய யூனிட் ஒன்று டிரிப் ஆகிறது, அதாவது திடீரென்று நின்றுவிடுகிறது. எங்கள் அறையில் முதலில் தெரிவது அதிர்வெண் மீட்டர்தான்: 50 ஹெர்ட்ஸ், 49.9, 49.8. யாரும் பட்டனைத் தொடுவதற்கு முன்பே டர்பைனுக்கு நீராவி விடும் கவர்னர் வால்வு திறந்துகொள்ளும், டர்பைனின் இரைச்சல் மாறும். பாய்லர் அழுத்தம் சரியும், உடனே நிலக்கரியை அரைக்கும் இன்னொரு மில்லை ஓட விட வேண்டும். மழைக்காலத்தில் ஈரக்கரி மில்லின் வாயை அடைத்துக்கொள்ளும். ஆள் ஓடிப்போய்ச் சுத்தியலால் தட்டுவான். இத்தனையும் நடந்து முடியும்வரை மின்கட்டமைப்பைத் தாங்குவது நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் பல நூறு டன் இரும்பு. அதன் நிலைமம், அதாவது சுற்றும் வேகத்தை எளிதில் விடாத தன்மை, இலவசமாகக் கிடைத்தது. பேட்டரியில் எது சுற்றுகிறது?

தெற்கு ஆஸ்திரேலியாவில் நார்தர்ன் நிலக்கரி நிலையத்தை 2016 மே மாதம் மூடினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று மாநிலமே இருண்டது.

ரிலே

அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று தோன்றும். நடந்தது வேறு. அன்று கடும் புயலில் இருபதுக்கும் மேற்பட்ட கோபுரங்கள் சாய்ந்தன. சில நிமிடங்களுக்குள் மின்னழுத்தம் பல முறை சரிந்தது. பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டில், இத்தனை முறைக்கு மேல் மின்னழுத்தம் சரிந்தால் ஒதுங்கிக்கொள் என்ற அமைப்பு இருந்தது. அது இருப்பதே மின்கட்டமைப்பை நடத்தியவர்களுக்குத் தெரியாது. 450 மெகாவாட்டுக்கு மேல் காணாமல் போனது. அண்டை மாநிலத்திலிருந்து வந்த இணைப்பு சுமை தாங்காமல் தானாகத் துண்டித்துக்கொண்டது. பிறகு அந்த அமைப்புகளை மாற்றினார்கள்.

நிலைமம் குறைவாக இருந்ததால் அதிர்வெண் வெகு வேகமாகச் சரிந்தது என்பதும் உண்மை. அதில் கொதிகலன் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கும் விடை வளாகத்திலேயே இருக்கிறது. டர்பைனைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டரை மட்டும் சின்கிரனஸ் கண்டன்சராகச் சுற்ற விடலாம். நிலக்கரி வேண்டாம், நீராவி வேண்டாம், கம்பியிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்துச் சுற்றும். ஜெர்மனியில் மூடிய பிப்லிஸ் அணுமின் நிலையத்தின் ஜெனரேட்டரை 2012இல் அப்படி மாற்றினார்கள். அமெரிக்காவின் ஈஸ்ட்லேக் நிலக்கரி நிலையத்திலும் செய்தார்கள். ஷார்ட் சர்க்யூட் நேரத்தில் சுழலும் இயந்திரம் தன் அளவைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைத் தள்ளும். பேட்டரியின் நேர்மின்சாரத்தைக் கம்பிக்கேற்ற மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், ஒரு மடங்கு அல்லது ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். கோளாறான பகுதியைத் துண்டிக்கச் சொல்லும் எங்கள் ரிலேக்கள் அந்தப் பெரிய மின்னோட்டத்தைப் பார்த்துத்தான் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கின்றன. ஆகவே பேட்டரி மட்டும் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பேட்டரியும் வேண்டும், ஒரு பழைய ஜெனரேட்டராவது சுற்றவும் வேண்டும்.

மின்கம்பி

நிலக்கரி என்றால் நம்பகம் என்ற பேச்சுக்கு ஒரு பதில். குயின்ஸ்லாந்தின் கலைட் நிலையத்தில் 2021 மே 25 அன்று, நிலையத்துக்குள்ளேயே இருக்கும் அவசரப் பேட்டரிக்கான புதிய சார்ஜரை இணைக்கும் வேலையின்போது ஒரு யூனிட்டின் நேர்மின் வழங்கல் போய்விட்டது. பாதுகாப்பு ரிலேக்களும் அவசர எண்ணெய் பம்புகளும் அந்த மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஜெனரேட்டர் கம்பியிலிருந்து பிரியாமல், மசகு எண்ணெய் இல்லாமல், அரை மணி நேரத்துக்கும் மேல் மோட்டார்போலச் சுற்றித் தன்னையே சிதைத்துக்கொண்டது. நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது.

2017 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் லாய் யாங் நிலக்கரி நிலையத்தின் 560 மெகாவாட் யூனிட் ஒன்று டிரிப் ஆனபோது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி கண் இமைக்கும் நேரத்தில் பதில் கொடுத்தது.

கொதிகலன்

ஹார்ன்ஸ்டேல் கொடுத்தது சுமார் 7 மெகாவாட். விழுந்தது 560. பின்னாலேயே வந்து சுமையைத் தூக்கியது கிளாட்ஸ்டோன் நிலக்கரி யூனிட். வேகத்துக்குப் பாராட்டு, எடைக்கு யார் என்றும் சொல்லுங்கள்.

ரிலே

அப்போது அந்தப் பேட்டரி 100 மெகாவாட். அதிர்வெண் எவ்வளவு சரிந்ததோ அதற்கேற்ற அளவுதான் கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. இன்று கட்டுபவை 500, 850 மெகாவாட். 2022இல் அதே ஹார்ன்ஸ்டேல், சுழலும் இயந்திரத்தின் நிலைமத்தைப் போலவே நடந்துகொள்ளும் இன்வெர்ட்டர் முறைக்கு ஒப்புதல் பெற்றது. 2017ஐ வைத்து இன்றைய பேட்டரியை எடைபோடுவது பொருத்தமில்லை.

தீக்காப்பு

இடையில் வருகிறேன், நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. தீ பற்றி யாரும் பேசவில்லை.

"பழைய டர்பைன் கூடம் சும்மா கிடக்கிறது, அதற்குள்ளேயே பேட்டரியை அடுக்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வாருங்கள். கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் அதைத்தான் செய்தார்கள். அது நிலக்கரி அல்ல, எரிவாயு நிலையம். மற்றபடி கதை ஒன்றே. 300 மெகாவாட் பேட்டரி பழைய டர்பைன் கட்டடத்துக்குள். 2021 செப்டம்பரில் காற்றுக் கருவி ஒன்றின் பேரிங் புகைந்தது. அந்தப் புகையைப் பார்த்துத் தீயணைப்பு அமைப்பு இயங்கியது, குழாய் இணைப்புகள் கசிந்து பேட்டரி அடுக்குகள் மீது தண்ணீர் தெளித்து ஷார்ட் ஆகிச் சேதம் வந்தது. அது எச்சரிக்கை. 2025 ஜனவரி 16 அன்று பெருந்தீயே வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் இருந்தால் ஒரு செல்லின் சூடு அடுத்ததற்குத் தாவும், உள்ளே போக வழியில்லை, எரிந்து முடியும்வரை தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான்.

திறந்தவெளியில் தனித்தனிப் பெட்டிகளாக, இடைவெளி விட்டு வைத்தால் நிலைமை வேறு. 2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் அருகே விக்டோரியன் பெரிய பேட்டரியில் சோதனை நேரத்தில் தீ வந்தது. குளிர்விக்கும் திரவம் கசிந்திருக்கிறது. அந்தப் பெட்டியைச் சாவி போட்டு அணைத்து வைத்திருந்ததால் கண்காணிப்பும் சேர்ந்தே அணைந்திருந்தது, கசிவு யாருக்கும் தெரியவில்லை. எரிந்தவை இரண்டு பெட்டிகள். இருநூறுக்கும் மேற்பட்டவை தப்பின. அந்த ஆண்டு டிசம்பரிலேயே பேட்டரி வேலைக்கு வந்துவிட்டது.

இப்போது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் வருகின்றன. மாஸ் லேண்டிங்கில் எரிந்த நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகையைவிட இவை சூடேறித் தீப்பிடிப்பது கடினம். தீயே வராது என்று பொருள் இல்லை. வெளிவரும் வாயு மூடிய இடத்தில் சேர்ந்தால் வெடிக்கும். அரிசோனாவில் 2019 ஏப்ரலில் ஒரு சிறிய பேட்டரி அறையின் கதவைத் திறந்தபோது வெடித்து, தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். கதவை எப்போது திறக்கக் கூடாது என்பதை உள்ளூர் தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

நிலக்கரி வளாகத்துக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு: இடம் தாராளம், தண்ணீர் உண்டு, குடியிருப்பு தள்ளியிருக்கும், தீயணைப்புக் குழுவே உள்ளே இருக்கும். அந்தக் குழுவை நிலையத்தோடு சேர்த்துக் கலைத்துவிட்டால் வாய்ப்பும் போனது.

புதியவன்

நிலையத்தில் வேலை செய்பவர்கள் என்ன ஆவார்கள்?

கொதிகலன்

ஹேசல்வுட் மூடியபோது சுமார் 750 பேர் வேலை இழந்தார்கள். அந்தப் பேட்டரியை நடத்த எத்தனை பேர் வேண்டும்? கட்டும்போது கூட்டம் இருக்கும், கட்டி முடித்த பிறகு பெரும்பாலும் தூரத்திலிருந்தே இயக்குவார்கள். ஐந்து மாத அறிவிப்பில் ஒரு ஊரின் பிழைப்பையே எடுத்துவிட்டுப் பேட்டரி வருகிறது என்று சொன்னால் அந்த ஊர் பேட்டரியை வெறுக்கத்தான் செய்யும்.

ரிலே

வேலை எண்ணிக்கையில் பேட்டரி ஈடாகாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சுவிட்ச்யார்டு பராமரிப்பு, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ச் சோதனை, ரிலே சோதனை, சின்கிரனஸ் கண்டன்சர் இயக்கம் ஆகியவற்றுக்கு அந்த நிலையத்து மின்பிரிவு ஆட்களைவிடத் தகுதியானவர்கள் கிடைக்க மாட்டார்கள். சாம்பல் குளங்களை ஒழுங்காக மூடுவதற்கே பல ஆண்டு வேலை இருக்கிறது, இயந்திரமும் ஆளும் வேண்டும்.

சாம்பல்மேடு

ஒருவழியாகச் சாம்பலுக்கு வந்தீர்கள்.

மின்கம்பி

நானும் வருகிறேன். நிலையத்தின் ஆயுள் நீட்டிப்பும் பேட்டரி அனுமதியும் ஒரே காகிதத்தில் இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் ஈரரிங் நிலக்கரி நிலையத்தில் பேட்டரி வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 2025இல் மூடுவதாக இருந்ததை 2024இல் 2027க்குத் தள்ளினார்கள். மின்சாரப் பற்றாக்குறை வரும் என்ற அச்சம் காரணம்; புரிகிறது. ஆனால் பேட்டரி வந்தால் எந்த யூனிட் எந்தத் தேதியில் நிற்கும் என்று அனுமதியிலேயே எழுதியிருந்தால்தான் நான் ஆதரிக்கும் திட்டம். பேட்டரியைச் சாம்பல் நிரப்பிய மண்ணின் மேல் வைக்கவும் கூடாது; அந்த மண் ஈரமானால் இறங்கும், நிலநடுக்கத்தில் குழம்பும். சுவிட்ச்யார்டை ஒட்டிய கெட்டி நிலம் போதும்.

கொதிகலன்

தேதி எழுதுவதற்கு முன் ஒரு நிபந்தனை. பேட்டரியும் கண்டன்சரும் முழுதாக வேலைக்கு வந்து, கடுங்கோடை ஒன்றை நிலக்கரி யூனிட்டோடு சேர்ந்து தாண்ட வேண்டும். உண்மையான டிரிப் வரும்போது என்ன செய்கிறது என்று எங்கள் ஆபரேட்டர்கள் பார்க்கட்டும். காகிதத்தில் பார்த்து யூனிட்டை அணைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்படித் தாண்டிவிட்டால், ஒவ்வொரு யூனிட்டாக நிறுத்துவதில் எனக்கு ஆட்சேபம் குறைவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதை எப்போதும் எதிர்ப்பேன்.

ரிலே

ஒரு கோடை நியாயமான கோரிக்கை. இரண்டு கோடை, மூன்று கோடை என்று அது நீளாமலிருக்க, எந்தெந்தச் சோதனையில் தேற வேண்டும் என்று முதலிலேயே பட்டியலிட வேண்டும்: இத்தனை மெகாவாட் விழுந்தால் அதிர்வெண் எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது, எந்தக் கோளாறில் எந்த ரிலே எத்தனை மில்லி நொடியில் திறக்க வேண்டும். தேறினால் யூனிட் நிற்கும்.

சாம்பல்மேடு

அந்தப் பட்டியலில் குளத்தைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் நீர்ச் சோதனை முடிவுகளையும் சேருங்கள், ஊர்மக்கள் பார்க்கும்படி. சாம்பலை மூடுவதற்கான பணத்தைப் பேட்டரி வருமானத்திலிருந்து தனிக் கணக்கில் முன்கூட்டியே வைக்கட்டும். இவை இரண்டும் அனுமதியில் இல்லாத வளாகத்தில், உங்கள் கம்பிகள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும், நான் ஆட்சேப மனு கொடுப்பேன்.